மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

உப்பலில் எங்கள் தொழிற்சாலை வாசலில் மத்தியப் படைக் காவலர் ஒருவர் நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முறுக்கிய மீசை. வாசலில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டிக் கால் வைக்க மாட்டார். டீக்கடைக்காரர்தான் கிளாஸைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நீட்ட வேண்டும். வெளியே போகிற எவரையும் சோதிக்காமல் விடமாட்டார். என் டிபன் பாக்ஸையும் தினமும் திறந்து பார்த்தவர்தான்.

ஒரு மாலை, ஷிப்ட் முடிந்து வெளியேறிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவனை, சங்கத்தில் சேர்ந்த குற்றத்துக்காக, காண்டிராக்டரின் ஆட்கள் வாசலுக்கு எதிரிலேயே கட்டையால் அடித்தார்கள். நான் காவலரிடம் ஓடினேன்.

“கோட்டுக்கு அந்தப் பக்கம் லோக்கல் போலீஸ் சார். எனக்கு அதிகாரம் கிடையாது. அவனை இங்க இழுத்துட்டு வாங்க, அப்புறம் எவன் தொடுதான்னு பாக்கேன்.”

இழுத்து வந்தோம். அவர் துப்பாக்கியோடு முன்னால் வந்து நின்றதும் அடித்தவர்கள் கலைந்து போனார்கள்.

ஜீப்பில் வந்த சப்-இன்ஸ்பெக்டரோ கோட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். “அந்தர் நக்கோ. பாஹர் லாவ்,” என்றார் உருதுவில்; உள்ளே வேண்டாம், வெளியே கொண்டு வா என்று. வழக்கு எழுத வேண்டுமென்றால் அடிபட்டவன் அவருடைய எல்லையில் கிடக்க வேண்டுமாம்.

மறுபடி தூக்கினோம். கோட்டருகே காவலர் கை நீட்டி மறித்தார். ரத்தம் ஊறிய சட்டைப் பையைத் தடவினார். நசுங்கிய டிபன் பாக்ஸை வாங்கித் திறந்தார்.

“மன்னிச்சுக்கோ தம்பி,” என்றார். இருந்தும், அடித்தட்டு வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் மூடினார்.