சோத்தாங்கையா, பீச்சாங்கையா?

எழுபதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு வாசலிலேயே நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்றில் நான், என் மனைவி, என் அப்பா, தங்கை நாலு பேரும் இருந்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். புதிதாக வந்துகொண்டிருந்த தொழிற்சாலைகளில் ஒன்றில் நான் ஃபிட்டர். எட்டாவது வரைதான் படித்தவன். அதனால் பிள்ளைகளே, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை, நடந்தது நடந்தபடியே சொல்கிறேன்.

எங்கள் தொழிற்சாலையில் இயந்திரம் பூட்டிக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஒரு பொறியாளர் வந்திருந்தார். அவரிடம் கைக்கு அடக்கமான ஒரு சினிமா கேமரா உண்டு. எருமை குளத்தில் இறங்கினாலும் படம் பிடிப்பார், டீக்கடைக்காரர் டீயைத் தூக்கி ஆற்றினாலும் படம் பிடிப்பார். என் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு அவரையும் கூப்பிட்டேன். வந்தார். பந்தியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

அந்த நிச்சயதார்த்தத்தில் ஒரு குறை நேர்ந்துவிட்டது. மாப்பிள்ளை வீடு பெரியபாளையம் பக்கம். அவருடைய தாய்மாமன் ஆற்றுக்கு அந்தக் கரையில் இருக்கிறவர். முதல் நாள் பெய்த மழையில் ஆரணி ஆற்றில் தண்ணீர் வந்து, பஸ் நின்றுபோனது. அவரால் வர முடியவில்லை. எங்கள் வழக்கத்தில் பெண் வீட்டார் கொடுக்கும் முதல் தாம்பூலம் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குத்தான். நல்ல நேரம் தாண்டிவிடும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தியதால், முன்னாடியே வந்திருந்த அவருடைய மகன் கையில் நைனா அந்தத் தாம்பூலத்தைக் கொடுத்தார்.

தாய்மாமன் அதைப் பெரிய அவமானமாக எடுத்துக்கொண்டார். நான் இல்லாமல் நிச்சயம் செய்தவர்கள் கல்யாணத்தையும் நான் இல்லாமலே செய்துகொள்ளட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மா அவருடைய கூடப்பிறந்த தங்கை. அண்ணன் வராமல் கல்யாணத் தேதி குறிக்க மாட்டேன் என்று அந்த அம்மா உட்கார்ந்துகொண்டார். நாள் போய்க்கொண்டே இருந்தது. தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனால் கல்யாணம் எப்போது என்று கேட்கிறார்கள் என்று, என் தங்கை குழாயடிக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் பொறியாளர் தன் ஊருக்கு லீவில் போய்த் திரும்பினார். போகும்போது எடுத்துப்போன ஃபிலிமை அங்கே கழுவிக் கொண்டுவந்திருந்தார். கூடவே அதை ஓட்டிப் பார்க்கும் ஒரு சின்ன புரொஜெக்டரையும் கொண்டுவந்திருந்தார். வேலை முடிந்து அவர் ஒரேயடியாக ஊருக்குக் கிளம்பியபோது, நிச்சயதார்த்த ஃபிலிமையும் புரொஜெக்டரையும் எனக்கே கொடுத்துவிட்டார்.

நான் அதை வீட்டுக்குத் தூக்கிவந்ததும் என் மனைவிதான் சொன்னாள். "அந்தத் தாய்மாமன் கண்ணால பாக்கலன்றதுதானே கோவம்? இட்டாந்து பாக்க வெச்சுட்டா?"

நைனாவுக்கும் அது சரியென்று பட்டது. தாய்மாமனுக்கு ஆள் அனுப்பினோம். சினிமா என்றதும் அவரும் கொஞ்சம் இறங்கிவந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் நான் அந்த இயந்திரத்தைப் படித்தாக வேண்டும். அது நம் ஊர் கரண்டில் ஓடாது. நேராகச் சொருகினால் பல்பு வெடித்துவிடும். நம் கரண்டைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு. அம்மிக்கல் கனம் இருக்கும் அது. ஃபிலிம் நம் சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. ஒரு ஓரத்தில் வரிசையாக ஓட்டை. அந்த ஓட்டைகள் சக்கரத்துப் பல்லில் சரியாக உட்கார வேண்டும். நடுவில் ஃபிலிமைக் கொஞ்சம் தொய்வாக விட வேண்டும், இல்லாவிட்டால் அறுந்துபோகும். எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பொறியாளர் ஒன்று சொல்லியிருந்தார். விளக்கு எரியும்போது ஃபிலிமை நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் அந்தச் சூட்டில் ஃபிலிம் உருகி, படத்தின் நடுவிலேயே ஓட்டை விழும்.

முதல் தடவை ஓட்டிப் பார்த்தபோது சுவரில் எல்லோரும் தலைகீழாகத் தொங்கினார்கள். அது போதாதென்று பின்பக்கமாகவே நடந்தார்கள். கல்யாணப் பெண் தலைகீழாகப் பின்னால் நடந்து போவதைப் பார்த்து நைனா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் தெரிந்தது, பொறியாளர் பார்த்து முடித்த ஃபிலிமைத் திருப்பிச் சுற்றாமலே கொடுத்திருக்கிறார். கையால் சுற்றித் தலைப்பை வெளியே கொண்டுவந்து மாட்டினேன். எல்லோரும் நேராக நின்றார்கள். என் தங்கை அன்றைக்குத்தான் மாப்பிள்ளையின் முகத்தை முழுசாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். நிச்சயத்தன்று தரையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் சொன்னதும் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். இயந்திரம் சூடாகிறதே என்று பயந்து, தாம்பூலம் வருவதற்கு முன்பே விளக்கை அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தாய்மாமன், அவருடைய மகன், மாப்பிள்ளையின் அப்பா அம்மா, இன்னும் சில உறவுக்காரர்கள் என்று வந்து இறங்கினார்கள். எங்கள் கூடம் அத்தனை பேருக்குக் காணாது. பிளக் பாயிண்டோ உள்ளே கூடத்துச் சுவரில் ஒன்றே ஒன்றுதான். என் மனைவி வழி கண்டுபிடித்தாள். வாசற்படி நிலையில் ஒரு புது வேட்டியைக் கட்டினோம். புரொஜெக்டர் உள்ளே, கூடத்துக் கடைசியில். பெண்கள் அதன் பக்கத்தில் உள்ளேயே உட்கார்ந்தார்கள். ஆண்களுக்கு வெளியே, காற்றாட, வாசலில் பாய் விரித்தோம். வேட்டியைத் தண்ணீர் தெளித்து நனைத்தாள். ஈரத் துணியில் வெளிச்சம் ஊடுருவி வெளிப்பக்கமும் படம் தெளிவாகத் தெரிந்தது. ஒரே வேட்டி, இரண்டு கொட்டகை. எனக்கு அதில் ஒரே பெருமை.

விளக்கு வைக்கும் நேரம் தாண்டி நன்றாக இருட்டியதும் படத்தைப் போட்டேன். சத்தமில்லாத படம்தான். ஆனால் சத்தத்துக்கு என்ன குறை? அவரவர் முகம் வரும்போது அவரவர் கத்தினார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "அய்ய, நான் இன்னா இவ்ளோ குண்டாவா கீறேன்?" என்றார். வெளியே மாப்பிள்ளையின் அப்பாவுடைய வழுக்கை பளபளத்ததற்கு ஒரு சிரிப்பு. தாய்மாமனும் சேர்ந்து சிரிப்பது எனக்குக் காதில் விழுந்தது. கல்யாணம் முடிந்த மாதிரியே எனக்குத் தோன்றியது.

அப்போதுதான் முதல் தாம்பூலம் கொடுக்கும் இடம் வந்தது. நைனா தட்டிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து அந்தப் பையன் கையில் கொடுக்கிறார்.

வெளியே சிரிப்பு அப்படியே நின்றது.

"நிறுத்து" என்று தாய்மாமன் குரல் வந்தது. "எம் புள்ளைக்கு பீச்சாங்கையால குடுத்துக்கீறாரு உங்க நைனா."

பிள்ளைகளே, எங்கள் பக்கத்தில் சோறு சாப்பிடுகிற கையைச் சோத்தாங்கை என்போம். மற்றது பீச்சாங்கை. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நான் எழுத வேண்டாம், உங்களுக்கே தெரியும். அந்தக் கையால் யாருக்கும் எதையும் கொடுக்கக் கூடாது. தாம்பூலத்தைக் கொடுத்தால் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நான் அந்த நிமிடம் பார்த்தது சோத்தாங்கை. உள்ளே உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் பார்த்தது சோத்தாங்கை. தங்கை என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ண்ணா, நைனா சோத்தாங்கையாலதான் குடுத்தாரு. நான் பாத்துகினுதான இருந்தேன்" என்றாள்.

நிறுத்து என்றால் எப்படி நிறுத்துவது? நிறுத்தினால் ஃபிலிம் உருகிவிடும். இருக்கும் ஒரே சாட்சியும் போய்விடும். ஓடுகிறபடி ஓடட்டும் என்று இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, ஈர வேட்டிக்கு அடியில் குனிந்து வெளியே ஓடினேன். முதுகெல்லாம் தண்ணீர்.

வெளியே தாய்மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "மாமா, சோத்தாங்கைதான் மாமா, நான் பாத்தேன்" என்றேன்.

"அப்ப எனுக்குக் கண்ணு அவிஞ்சி பூச்சா?" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, அவரும் இடது கைதான் பார்த்ததாகச் சொன்னார். பொய் சொல்கிற மனிதரில்லை அவர். தாம்பூலம் வாங்கிய பையனும் எந்தக் கை என்று நினைவில்லாமல் தலையைச் சொறிந்தான். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நைனாவைப் பார்த்தேன். வெளியே தாய்மாமன் பக்கத்தில்தான் அவரும் உட்கார்ந்திருந்தார். அவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோத்தாங்கையாலதான்டா குடுத்தேன். ஆனா பொட்டி பொய் சொல்லுமா? நானே பாத்தனே" என்றார். தாய்மாமனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். தன்மேல் தப்பே இல்லாத மனிதர் மன்னிப்புக் கேட்பதைப் பார்ப்பதைப்போல ஒரு கொடுமை இல்லை. அந்தக் கும்பிடுகூடத் தாய்மாமனை நிறுத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

இதற்குள் மாப்பிள்ளையின் அம்மா பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். அண்ணனைத் திட்டுவதற்குத்தான் வந்தார் என்று நினைக்கிறேன். வந்தவர் வேட்டியைப் பார்த்ததும் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டார். தாம்பூலம் முடிந்து, படத்தில் பந்தி ஓடிக்கொண்டிருந்தது.

"ண்ணா" என்று கூப்பிட்டார். "போறதுன்னா போ. ஆனா ஒரு தபா திரும்பி, உம் புள்ள எந்தக் கையால துண்றான்னு பாத்துட்டுப் போ."

தாய்மாமன் திரும்பினார். நாங்கள் எல்லோரும் திரும்பினோம்.

வேட்டியில் வரிசையாக இலை. வரிசையாக மனிதர்கள். அத்தனை பேரும் இடது கையால் சாம்பார் சாதத்தைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா இடது கையால் அப்பளம் நொறுக்கினார். தாய்மாமன் மகன் இடது கையைக் குழித்துப் பாயசத்தை உறிஞ்சி, முழங்கை வரைக்கும் நக்கினான். பந்தியைப் பார்த்துக்கொண்டு நடந்த மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முந்தானை வலது தோளில் கிடந்தது.

"நான் எந்தக் காலத்துல சோத்தாங்கைப் பக்கம் முந்தானை போட்டேன்?" என்றார் அந்த அம்மா. "உள்ள இருந்து பாக்கறப்ப எல்லாம் நேராக்கீது. இங்க வந்தா மாறிக்கீது. துணிக்குப் பின்பக்கம் குந்திகினு பாத்துட்டு எங்க சம்மந்திய அழ வெக்கிறியே."

தாய்மாமன் தன் மகனைப் பார்த்தார். "இன்னாடா, நீ பீச்சாங்கையாலயா துண்ட?"

"அய்யே, இல்ல நைனா" என்றான் அவன்.

முதலில் சிரித்தது யார் என்று எனக்கு நினைவில்லை. நைனாவாக இருக்கலாம். அப்புறம் வாசல் முழுக்கச் சிரிப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

ஃபிலிம் முடிந்து சக்கரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே ஓடி விளக்கை அணைத்து, ஃபிலிமைத் திருப்பிச் சுற்றினேன். தாய்மாமனைக் கூட்டிப்போய் உள்ளே, பெண்களுக்கு நடுவில், ஒரு முக்காலியில் உட்கார வைத்தோம். மறுபடி போட்டேன். நைனா தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தார். சோத்தாங்கையால் கொடுத்தார். அந்தப் பையனும் சோத்தாங்கையால் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

தாய்மாமன் எழுந்தார். வேட்டிக்கு அடியில் குனிந்து வெளியே போனார். மறுபடி உள்ளே வந்தார். மறுபடி வெளியே போனார். பெரிய மீசை வைத்த மனிதர், சின்னப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டார். "இங்க சோறு, அங்க பீச்சு" என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்ல, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பெண்களும் வெளியே போய்ப் பந்தியைப் பார்த்தார்கள். ஆண்கள் உள்ளே வந்தார்கள். அந்த ஒரே ஃபிலிமை எத்தனை முறை ஓட்டினேன் என்று கணக்கில்லை. டிரான்ஸ்ஃபார்மர் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. என் தங்கை கதவோரத்தில் நின்று, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கிளம்பும்போது தாய்மாமன் நைனாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எது எந்தக் கைன்னு இனிமே நான் பேசமாட்டேன் சம்மந்தி. பஞ்சாங்கத்த எடுங்க" என்றார். அன்றைக்கே தேதி குறித்தோம். கல்யாணத்தன்று முதல் தாம்பூலத்தை நைனா அவரிடம் கொடுத்தபோது, அவர் சட்டென்று வாங்கிக்கொள்ளாமல் நைனாவின் மணிக்கட்டைப் பிடித்துச் சபைக்கே உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

பிள்ளைகளே, அன்று எங்கள் வாசலில் யாரும் பொய் சொல்லவில்லை. உள்ளே இருந்தவர்கள் பார்த்ததைச் சொன்னார்கள், வெளியே இருந்தவர்களும் பார்த்ததைத்தான் சொன்னார்கள். அந்த அம்மா எழுந்து சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் வந்திருக்காவிட்டால், ஒரு கல்யாணமே நின்றிருக்கும். யாராவது நான் கண்டதற்கு நேர் எதிராகச் சாதித்தால், இன்றைக்கும் எனக்குக் கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால், அவர் உட்கார்ந்திருக்கும் பாயில் ஒரு நிமிடம் போய் உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.