முப்பது எழுத்துச் சக்கரம்

இரண்டாயிரமாம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கை மலையகத்தின் அட்டன் நகர அச்சகமொன்றில் கணினி வேலை பார்த்த அந்தப் பெண்ணின் பெயரை நான் கேட்கவே இல்லை. நீலக் கம்பளிச் சட்டை போட்டிருப்பார். மவுஸைத் தொடும் முன் விரல்களை ஊதிச் சூடேற்றிக்கொள்வார்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் இரகசியக் கடிதம் எழுதி விளையாட, ஒன்றின்மேல் ஒன்று சுழலும் எழுத்து வட்டங்கள் இரண்டு வரைந்து தர அவரிடம் கேட்டேன். ஒரு வட்டத்தைச் சில கட்டம் திருப்பி, ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதற்கு நேரே வரும் எழுத்தை எழுத வேண்டும். நான் ஆங்கில எழுத்தில் செய்து கொடுத்ததை அவர்கள் ஒரே நாளில் தூக்கிப் போட்டுவிட்டார்கள்.

"தமிழ்ல வேணும். ஆனா இருநூத்தி நாப்பத்தேழு எழுத்து எப்படிங்க அடங்கும்?" என்றேன்.

திரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"உயிரும் மெய்யும் போதும் டீச்சர்! 'ம'வ 'ம்', 'அ'ன்னு பிரிச்சு எழுதட்டும். மொத்தம் முப்பது. முந்நூத்தி அறுபது பாகைய முப்பதால பிரிச்சா பன்னெண்டு! மிச்சமே இல்ல!"

ஒரு கோட்டைப் பன்னிரண்டு பாகை திருப்பித் திருப்பி நகலெடுத்தார். கடைசிக் கோடு சரியாக வந்து விழுந்ததும் இருவரும் கைதட்டிவிட்டோம்.

அடுத்த வாரம், பிள்ளைகள் அவருக்கு எழுதி ஒட்டித் தந்த கடிதத்தைக் கொண்டுபோனேன். எத்தனை கட்டம் திருப்பினார்கள் என்று என்னிடமும் சொல்லவில்லை. அவர் கைவேலையை நிறுத்திவிட்டுச் சக்கரத்தை ஒவ்வொரு கட்டமாகத் திருப்பினார். ஏழாவது கட்டத்தில் பிடிபட்டது. கடைசிவரை வாசித்து வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன எழுதியிருக்காங்க?"

"அது எங்களுக்குள்ள டீச்சர்" என்று கடிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வகுப்பிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் எதற்கு அப்படிச் சிரித்தார் என்று இன்றும் யோசிக்கிறேன்.