மாக்ரெட்டின் இடக் கன்னம்

பஸ் வந்து நின்றதும் என் தங்கை மாக்ரெட் முதலில் வானத்தைப் பார்ப்பாள். பிறகுதான் ஆசனத்தை. காலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகும்போது இடப்பக்கம் வெயில். மாலையில் திரும்பும்போதும் இடப்பக்கம்தான். ஆகவே எப்போதும் வலப்பக்கம் இருப்பாள். அங்கே இடமில்லாவிட்டால் நிற்பாள். இடப்பக்க ஆசனம் காலியாகக் கிடக்க ஒரு பெண் நின்றுகொண்டு வந்தால் கொண்டக்டர் ஒரு மாதிரிப் பார்ப்பான். "எனக்கு இருந்து வர ஏலாது தம்பி" என்பாள். அதற்குப் பிறகு அவன், மூலவியாதியாக்கும் என்று, வேறு மாதிரிப் பார்ப்பான்.

வெள்ளவத்தையில் ஒரு பெண்கள் சலூனில் அவளுக்கு வேலை. முகத்தில் கருந்திட்டாக மங்கு விழுந்தவர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்று தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அவள் அழகுக்கலை படித்துச் சான்றிதழ் வாங்கினாள். அதைச் சட்டம் போட்டு, மட்டம் பார்த்து, எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் மாட்டியவள் நான்.

வருகிறவரைக் கதிரையில் இருத்தி நாடியைப் பிடித்து முகத்தைத் திருப்புவாள். "இடக் கன்னம் கூடக் கறுத்திருக்கு. பஸ்ஸில ஜன்னல் சீட்தானே?" வலக் கன்னம் என்றால், "கார் ஓட்டுறீங்க, என்ன?" பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, தேய்த்துவிட்டு வந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் பேச்சு விழும். "தேசிக்காய் மீனுக்குப் போடுறது. நீங்க என்ன பொரிபடவா போறீங்க?" பிறகு ஆஸ்பத்திரி ஸ்கின் கிளினிக்குக்கு அனுப்புவாள். டொக்டர் கொடுப்பதை ஒழுங்காகப் பூசவும், இரண்டு விரல் நீளத்துக்கு வெயில் கிரீம் போடவும், குடை பிடிக்கவும் சொல்வாள். கோவில் திருநாளில் புனிதரின் சுருபத்தைத் தூக்கிவரும் பவனிக்கும் அவள் குடையோடுதான் வருவாள். குடை புனிதருக்கென்று நினைத்து ஒருமுறை அவளைச் சுருபத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள். வீதி முழுக்கப் புனிதருக்குப் பாதி, தனக்குப் பாதி பிடித்துக்கொண்டு வந்தாள்.

கடைசிப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவளுடைய இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்தது. மருந்தில் மங்கியது, ஆனால் போகவில்லை. தினமும் வீட்டிலேயே பவுண்டேஷன் பூசி மறைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். சலூனில் ஒருவருக்கும் தெரியாது. பளிங்கு மாதிரி முகம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு எனக்கும் பெருமைதான்.

வினை அந்தப் பெருமையில்தான் வந்தது. சலூன்காரி டில்ஷானி மெடம் எங்கிருந்தோ முகம் வெளுக்க ஒரு கிரீம் கொண்டுவந்து கண்ணாடி அலுமாரியில் அடுக்கினா. வெள்ளை டப்பா, தங்க மூடி. என்ன பெயர், யார் செய்தது என்று ஒரு எழுத்தும் அதில் இல்லை. "நீ ஒண்டும் கதைக்க வேணாம் மாக்ரெட். நீயும் இதுதான் பூசுறியா எண்டு கேட்டா ஓம் எண்டு சொல்லு. ஏலாதெண்டா வேற சலூன் பாரு" என்றா.

தைத்த ஏப்ரன்களைக் கொடுக்க நான் போயிருந்த அன்று கைருன்னிஸா என்ற அம்மா தன் மகள் நிம்றாவைக் கூட்டிக்கொண்டு வந்தா. அடுத்த மாதம் கலியாணம். பிள்ளை முக்காட்டை விலக்கினாள். மங்கு விழுந்த இடத்தைச் சுற்றிக் கன்னம் செக்கச் செவேலென்று வெந்து கிடந்தது.

"ஒரு டப்பா முடிஞ்சி. இன்னொண்டு தாங்க" என்றா தாய்.

"எரியுதா?" என்று மாக்ரெட் பிள்ளையைக் கேட்டாள்.

"தண்ணி பட்டாலும் எரியிது அக்கா."

"எரிஞ்சாத்தானே வேல செய்யிது! மாப்புள வீட்டுல வெள்ளப் புள்ள எண்டு நாங்க சொல்லி ஈக்கிறோம்" என்றா கைருன்னிஸா. பிறகு மாக்ரெட்டின் முகத்தை ஆசையோடு பார்த்தா. "நீங்களும் இதுதானே பூசுற?"

மெடம் காசு மேசையிலிருந்து நிமிர்ந்தா. மாக்ரெட் என்னைப் பார்த்தாள். அவளுக்கு வீட்டு வாடகை இருக்கிறது, மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். 'ஓம் எண்டு சொல்லு' என்றுதான் நானும் மனதுக்குள் சொன்னேன்.

அவள் பஞ்சை எடுத்துத் தேங்காய் எண்ணெயில் தோய்த்தாள். இடக் கன்னத்தைக் காதுவரை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். பஞ்சு முழுக்க அவளுடைய நிறம் வந்தது. கன்னத்தில் மங்கு தெரிந்தது.

"யா அல்லாஹ்" என்றா கைருன்னிஸா. "உங்களுக்குமா?"

"எனக்கும்தான். இது மங்கும், திரும்பவும் வரும். உங்கட மகளுக்கு இப்ப அதில்ல பிரச்சின, தோலே வெந்துபோச்சு. இண்டையோட அத நிப்பாட்டி நாளைக்கு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க. கலியாணத்துக்கு முகத்த நான் செஞ்சு தாறன்."

நிம்றா எட்டி அந்தக் கன்னத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு தாயின் கையிலிருந்த காசை வாங்கித் தன் பையில் போட்டு மூடினாள்.

மெடம் காசு மேசையை விட்டு எழும்பி வந்தா. "மாக்ரெட், மத்தப் பக்கத்தையும் துடைச்சிட்டு வா. பாதி முகத்தோட நிண்டா கஸ்டமர் பயப்படுவாங்க" என்றா. வேறு சலூன் பார்க்கச் சொல்லவில்லை. நான் புறப்படும்போது தங்க மூடிகள் ஒவ்வொன்றாக மேசை இழுப்பறைக்குள் போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் காலை மாக்ரெட் வழமைபோல் கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். வலக் கன்னத்துக்குப் பவுண்டேஷனை நிதானமாகப் பூசி முடித்தாள். இடக் கன்னத்துக்கு வெயில் கிரீமை மட்டும் தடவினாள்.

"மற்றப் பக்கம்?" என்றேன்.

"அது கஸ்டமருக்குக் காட்டுறதுக்கு" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தாள்.