ரெண்டாள் ரம்பம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நான் வேலை பார்த்த ஆபீஸ் ஜன்னலிலிருந்து மைதானமும் அதற்கு மேலே ஒரு துண்டு வானமும் தெரியும். அந்தப் புரட்டாசி முழுவதும் நான் காகிதங்களைப் பார்த்ததைவிட அந்த வானத்தைப் பார்த்ததுதான் ஜாஸ்தி. கிழக்கே கொஞ்சம் கறுத்தாலும் பேனாவைக் கீழே வைத்துவிடுவேன். மழை பிடித்துக்கொள்வதற்குள், கொல்லையில் விழுந்து கிடந்த பூவரச மரத்தைத் துண்டு போட்டுக் கூரைக்குள் சேர்த்தாக வேண்டும்.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள். சிதம்பரத்தில் வளைகாப்பு முடித்து, செம்மண்டலத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். போன தடவை அஞ்சாம் மாசத்தில் கலைந்துபோனது. அதனால் இந்தத் தடவை அம்மா எதையும் அரைகுறையாக விடத் தயாராக இல்லை. பிள்ளை பெற்றவள் இருக்கும் வீட்டில் வெந்நீர் அடுப்பு அணையக் கூடாது என்றாள். யுத்த காலம். விறகுத் தொட்டியில் விறகு கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் ஈர விறகு. புகை மூட்டத்தில் தாயையும் பிள்ளையையும் எப்படிப் படுக்கவைப்பது?

கொல்லை மரமோ போன வருஷத்துப் புயலில் சாய்ந்து, ஒரு கோடை முழுக்கக் காய்ந்து கிடந்தது. அப்பா விட்டுப்போன கோடாலியை அதில் போட்டால் துள்ளித் திரும்பி வந்தது. மரம் அறுக்கிறவர்களிடம் சொல்லிவைத்தேன். நாளைக்கு வருகிறோம் என்றார்கள். மறுபடி போய்க் கேட்டபோது ராணுவத்துக்குக் கொட்டகை போடுகிற வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகுதான் ஒரு ரம்பம் வாங்கி நானே அறுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

"வருசத்துக்கு ஒரு மரம் விழும். அதுக்கு ஒரு ரம்பமா?" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். பேனா பிடிக்கிற கை காய்த்துப் போனால் ஆபீசில் என்ன நினைப்பார்கள் என்பது அவள் கவலை. பிறகு வானத்தைப் பார்த்தாள். சரி, போய் வா என்றாள்.

திருப்பாப்புலியூரில் எந்த இரும்புக் கடையிலும் ரம்பம் இல்லை. சீமைச் சரக்கு வந்து வெகுநாளாயிற்று என்று கையை விரித்தார்கள். சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் ரயிலேறிச் சிதம்பரம் போனேன். அக்காவின் புருஷன், என் மாமா, கீழவீதிப் பக்கம் தையல் கடை வைத்திருந்தார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு என்னோடு வந்தார்.

அவர் அழைத்துப்போன கடையில் இரண்டே ரம்பங்கள் இருந்தன. ஒன்று ஒற்றைக் கைப்பிடி போட்ட சீமை ரம்பம். தகடு நீலம் பாய்ந்திருந்தது. வளைத்துவிட்டால் விர்ரென்று நிமிர்ந்து நின்றது. இன்னொன்று நாட்டுக் கொல்லன் அடித்தது. ஓர் ஆள் நீளம், இரண்டு பக்கமும் மரப்பிடி, பல் ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அகலம். ரெண்டாள் ரம்பம்.

எனக்குப் பிடித்தது சீமை ரம்பம்தான். எப்போதோ ஒரு தடவை எடுக்கப் போகிற சாமான். ஆணியில் மாட்டிவைக்கலாம், வேண்டியபோது யாரையும் கூப்பிடாமல் நானே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவ்வளவு பெரிய அடிமரத்துக்கு அது தாங்குமா? பல் மழுங்கினால் கடலூரில் யார் தீட்டித் தருவார்கள்? உப்புக் காற்றில் துரு ஏறாதா? கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன், கொண்டுவந்து வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

கடைக்காரர் மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "உங்க மச்சான் ரம்பம் பாக்க வந்தாரா, பொண்ணு பாக்க வந்தாரா?"

பிறகு என்னிடம் திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு தம்பி. வீட்டுல ஆம்பளை எத்தினி பேரு?"

நான் ஒருத்தன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"ரெண்டு பேரு. நான் இருக்கேன்ல?"

அவர் பொதுவாக அப்படி முந்திக்கொண்டு பேசுகிறவர் இல்லை. முகத்தில் ஒரு பரபரப்பு தெரிந்தது. அதற்குக் காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. போன தடவை அக்கா மாசமாக இருந்தபோது அவர்கள் வீட்டு முருங்கை முழுக்கக் கம்பளிப்பூச்சி. அக்காவுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகிறதே என்று அவர்தான் அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தார். பெண்டாட்டி மாசமாக இருக்கும்போது புருஷன் மரம் வெட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மாசமே கரு கலைந்தது. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையிடம் ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை பேசிக்கொண்டிருந்த அம்மா, அதையும் நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான்.

நிற்கிற மரத்தை வெட்டுவது வேறு, விழுந்து காய்ந்ததை அறுப்பது வேறு என்று நான் எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். அவரும் அதையேதான் போட்டிருப்பார். இரண்டு பேரும் அதை வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. ரெண்டாள் ரம்பத்தை வாங்கினோம்.

ரம்பத்தின் பல்லில் கோணியைச் சுற்றி ரயிலில் ஏற்றினோம். அது எங்கேயும் அடங்கவில்லை. பலகைக்கு அடியில் விட்டால் அந்தப் பக்கம் ஒருவர் காலில் இடித்தது, நிறுத்தி வைத்தால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் முனகியது. பரங்கிப்பேட்டையில் ஏறிய பெரியவர் ஒருவர், இதற்கும் டிக்கெட் எடுத்திருக்கிறீர்களா, இரண்டு பேர் இடம் கேட்கிறதே என்று கேட்டார். மாமா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. நான் ஜன்னலில் தலையை விட்டுக் கடல் பக்கத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் காலையில் வெயிலே இல்லை. காற்று நின்றுபோய் வானம் கூரைக்குச் சமீபமாக இறங்கியிருந்தது. அடிமரத்துக்கு அடியில் கல் கொடுத்துத் தூக்கி வைத்தோம். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்ப்பிடியில் கை வைத்தார்.

அடுக்களை வாசலில் அம்மா வந்து நின்றாள். மாமா இரண்டெட்டு தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆனாலும் அவள் என்னிடம்தான் சொன்னாள்.

"மாப்பிள்ளைய அதுல கை வைக்க வாணாம்னு சொல்லு."

இது செத்த மரம் என்றேன். வேரே இல்லை என்றேன். இந்த மரத்தைச் சாய்த்தது புயல், மாமா இல்லை என்றும் சொன்னேன். படித்தவன் பேசுகிறது போல அடுக்கிக்கொண்டே போனேன். நின்னாலும் மரந்தான், படுத்தாலும் மரந்தான் என்று அம்மா முடித்துவிட்டாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் எனக்கு ஒத்தாசையாகப் பேசுவாள் என்று நம்பினேன். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாக, "அவுரு தொட வாணாம்டா" என்றாள்.

மாமா பிடியிலிருந்து கையை எடுத்தார். துடைக்க ஒன்றும் இல்லாத கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். கிணற்றடி வரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார்.

நான் தனியாக இழுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் ஆள் இல்லாத ரெண்டாள் ரம்பம் அறுப்பதில்லை, ஆடுகிறது. சீமை ரம்பத்தின் நீலத் தகடு கண்ணுக்குள் வந்து வந்து போனது. அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிடலாம் என்றால், அவர் குடும்பத்தோடு மாதா கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தார். அதற்குள் என் கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது.

"தள்ளிக்க" என்று குரல் கேட்டது. அம்மா முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு எதிர்ப்பிடியைப் பிடித்தாள்.

முதலில் ஒன்றும் ஓடவில்லை. என் பதைப்பில், அவள் இழுக்கும்போது நான் தள்ளினேன், தகடு நெளிந்து மாட்டிக்கொண்டது. "வுடுடா. இழுத்துட்டு வுடு" என்று அதட்டினாள். விட்டேன். அப்போதுதான் ரம்பம் ஓட ஆரம்பித்தது. மாவரைத்து மாவரைத்து உரமேறிய தோள் அவளுக்கு. மூச்சு வாங்கியது எனக்குத்தான். மரத்தூள் எங்கள் காலில் கொட்டியது. அக்கா ரம்பத்தைப் பார்க்கவில்லை. கிணற்றுக்கும் வேலிக்குமாக நடந்துகொண்டிருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் துண்டு தொப்பென்று விழுந்தது. மாமா விறுவிறுவென்று வந்து அதன் பக்கத்தில் நின்றார். குனியவில்லை.

"மச்சான், அறுத்ததை அடுக்கலாமான்னு அவுங்களக் கேளு."

அம்மா துண்டைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். நெற்றி வேர்வையைப் புறங்கையால் வழித்துக்கொண்டாள்.

"அறுத்துட்டா அது விறகு" என்று என்னிடம் சொன்னாள். "அடுக்கச் சொல்லு."

அதற்கப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. துண்டு விழுவதற்கு முன்னாலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார். தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். மழை வலுக்கும்போது கடைசித் துண்டு கொட்டகைக்குள் போய்விட்டது. எனக்கு உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அம்மா விளக்கெண்ணெய் தடவிவிட்டு, ஆபீசில் காட்டிக்கொள்ளாதே என்றாள்.

கார்த்திகை அடைமழையில் பெண் பிறந்தாள். அன்று மாமாவுக்கு உட்காரவே இருப்புக் கொள்ளவில்லை. கொட்டகைக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருந்தார். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்ட பிறகும் இன்னொரு கை விறகோடு வந்தார். அண்டாவில் தண்ணீர் தளதளவென்று பொங்கி நெருப்பில் வழிந்துகொண்டிருந்தது. வெந்நீர் மொள்ள வந்த அம்மா நின்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னைப் பார்க்காமல், அவரைப் பார்த்தே சொன்னாள்.

"போதும் மாப்பிளே. கீழ போடுங்க. தண்ணி கொதிச்சிப் போச்சி."