நாலு எலுமிச்சம்பழம், ரெண்டு செயின்

தணிகாசலம் போயிட்டாரு. இன்னிக்குக் காலைல, விழுப்புரம் ஆஸ்பத்திரில. ஹார்ட் அட்டாக்காம்.

திண்டிவனத்துல லோடிங் கான்ட்ராக்டர். அவரு யார்டுல கிரேன் ஓட்டினவன் நான்.

அதுக்குள்ள போஸ்டர் ஒட்டிட்டாங்க... "தொழிலாளர்களின் தந்தை". எழுதின புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.

செல்போன் டவருக்குக் கீழ மெஷின் வைக்கிற இரும்பு ரூம் இருக்குமே, அதான் ஷெல்டர். டன் கணக்குல வெயிட்டு. கிரேன்ல தூக்கி டிரெய்லர்ல வெச்சு, நாலு மூலைக்கும் செயின் போட்டு இறுக்குன பிறகுதான் வண்டி நகரணும்.

நம்ம தந்தை கற்பூரம் கொளுத்தி, டயருக்கடில நாலு எலுமிச்சம்பழம் வெப்பாரு. அதுல ஒண்ணு கொறைஞ்சாலும் வண்டிய எடுக்க வுடமாட்டாரு.

செயின் மட்டும் ரெண்டு மூலைக்குப் போதும். "மீதிய விக்கிரவாண்டி டோல்ல மாட்டிக்கலாம், ஜல்தி எடுய்யா."

கம்பெனி ஆபீசர் வந்தா எல்லாருக்கும் புது ஹெல்மெட். கார் கெளம்புனதும் திரும்ப வாங்கிப் பூட்டி வெச்சிடுவாரு... த்தூ.

அந்தோணின்னு ஒரு தம்பி. கண்டாச்சிபுரம் பக்கம். செயின் போடறது அவன் வேலை. பீடிகூட தொடமாட்டான்.

ஒருநாள் அவன் டிரெய்லர் மேல நின்னு மூணாவது செயின மாட்டிக்கினு இருக்கான். முதலாளி டிரைவருக்கு, வண்டிய எடுன்னு கை காட்டிட்டாரு. கேட்டாண்ட இறக்கம்... ஷெல்டர் சறுக்கிடுச்சு. அந்தோணி வலது கை ஷெல்டருக்கும் செயினுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு.

ஆஸ்பத்திரில கைய வெட்டி எடுத்துட்டாங்க.

ஆஸ்பத்திரி வாசல்லயே, அவன் பொண்டாட்டி எதிர்லயே சொன்னாரு பெரிய மனுஷன். "காலைலயே ஊத்திக்கினு வந்துட்டான். நான் என்னா பண்றது?"

கிரேன் மேலருந்து நான் பாத்தத அங்கயே சொன்னேன். மறுநாள் என்னை கேட்டுக்குள்ள வுடல. எனக்கு விழுப்புரத்துல வேற கிரேன் கெடைச்சிடுச்சு.

அந்தோணி வாட்ச்மேன் வேலை கேட்டுப் போன எடத்துலகூட, "குடிச்சிட்டுக் கைய வுட்டவன்தான நீ"ன்னு திருப்பி அனுப்புனானுங்க. ஊர்லயும் அதே பேச்சு. அவன் புள்ளைங்க காதுலயும் அதான் வுழுது.

இன்னிக்கு நான்தான் போன் பண்ணி அவனுக்கு விஷயத்த சொன்னேன்.

அவன் கேட்டான், "அண்ணே... போறதுக்கு முன்னாடி என்னைப் பத்தி எதுனா சொன்னாராண்ணே?"

"இல்லடா."

"சரிண்ணே"ன்னு வெச்சிட்டான்.

போய்ச் சேருங்க முதலாளி. அந்தோணி அன்னிக்குக் குடிக்கல.