மூடுவதற்கு ரேட் இல்லை

எங்கள் மாப்பிள்ளை மாதேஷ் இப்போதெல்லாம் தரையைப் பார்த்துத்தான் நடக்கிறார். கல்யாண வீட்டுப் பந்தலில்கூடக் காலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. அந்தப் பயம் அவரைப் பிடித்த மத்தியானம் நானும் பக்கத்தில் இருந்தேன்.

அவர் என் தங்கை தமிழ்ச்செல்வியின் வீட்டுக்காரர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆள். அந்தப் பக்கம் துளை போடுகிற ரிக் வண்டிதான் பிழைப்பு, அவருக்கும் அதுதான். மீசை முளைக்கும் முன்னே வண்டி ஏறி, கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டே டிரில்லர் ஆனவர். பயமா, கிலோ என்ன விலை என்று கேட்கிற மனுசன்.

நான் மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் நடத்துகிறேன். மொத்த உள்நாட்டு உற்பத்திப் பாடம் வந்தாலே எனக்கு மாப்பிள்ளை ஞாபகம்தான். தண்ணீர் கீழே போகப் போக அவர் மேலே வந்தார். முந்நூறு அடியில் கிடைத்த தண்ணீர் ஆயிரம் அடிக்குப் போனால், அடிக்கு இவ்வளவு என்று வாங்குகிற வண்டிக்குக் கொண்டாட்டம். தண்ணீர் வந்தாலும், பாறைத்தூள் வெறும் புகையாக வந்தாலும் அடி அடிதான். போட்ட துளையும் உற்பத்தி, எரித்த டீசலும் உற்பத்தி, தண்ணீர் வராததால் வாங்குகிற டேங்கர் லோடும் உற்பத்தி. ஊர் காய்ந்து கிடக்கும், கணக்கு மட்டும் பச்சைப்பசேல் என்றிருக்கும். "நாட்டையே நீங்கதான் தூக்கி நிறுத்தறீங்க மாப்ள" என்று கிண்டல் பண்ணுவேன். அவரும் சிரிப்பார். டைல்ஸ் போட்டு வீடு கட்டியவருக்குச் சிரிப்பு வராமல் என்ன செய்யும்.

அந்தக் கணக்கில் வராத வேலை ஒன்று உண்டு. தண்ணீர் இல்லாத குழியை மூடுகிற வேலை. செலவில் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று தோட்டத்துக்காரர் மண் சரியாமல் இருக்க இறக்கிய கேசிங் பைப்பை உருவித் தரச் சொல்வார். உருவினால் மண் சரிந்து குழியின் வாய் அகலமாகிவிடும். மூடுவதற்கு ரேட் கிடையாது. ரேட் இல்லாத வேலைக்கு எந்த வண்டியும் நிற்காது. ஒரு சாக்கைப் போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு அடுத்த பாயிண்ட்டுக்குக் கிளம்பிவிடும்.

போன வருஷம் எங்கள் தோட்டத்திலும் மாப்பிள்ளைதான் போட்டார். புகைதான் வந்தது. பைப்பை உருவினோம். "காலையில டிராக்டர்ல மண்ணு கொட்டி மூடிரலாம் மச்சான்" என்றார். விடிவதற்குள் வண்டி ஓனர் போன் பண்ண, வண்டி கர்நாடகம் போய்விட்டது. டிராக்டர்காரனை நான் கூப்பிட்டேன். "வாரேனுங்க சார்" என்றான். அவன் வரவில்லை. சாக்கும் கல்லும் இருக்கிறதே என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

இந்த வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு எல்லோரும் எங்கள் வீட்டில் கூடியிருந்தோம். வீடு தோட்டத்துக்குள்தான். சாப்பிட்டுக் கை கழுவும்போது மாப்பிள்ளை, "நிலா எங்க?" என்றார். அவர் மகளுக்கு மூன்று வயது. உள்ளே இல்லை. மாட்டுக் கொட்டகையிலும் இல்லை. வாசலில் அவள் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது.

"டேங்கர் வந்துருச்சுன்னு செல்வி குடத்தத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனா. அப்ப பாப்பா இங்கதான தூங்கிட்டு இருந்துச்சு" என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளை தோட்டத்தின் வடக்கு மூலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஓடினோம். சோளத்தட்டு அறுத்த கட்டை காலைக் கிழித்தது அப்போது தெரியவில்லை.

கல் நகர்ந்து கிடந்தது. சாக்கைக் காணோம். சோற்றுக் குண்டான் வாய் அகலத்துக்குக் குழி திறந்திருந்தது. ஓரத்தில் மண் புதிதாகச் சரிந்திருந்தது.

அவர் அப்படியே குப்புற விழுந்து குழிக்கு நேராக முகத்தை வைத்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"கூப்புடுங்க மாப்ள" என்றேன்.

"பயமா இருக்குதுங்க மச்சான். உள்ளயிருந்து அப்பான்னு கேட்டுச்சுன்னா?"

அந்தக் குழி எத்தனை அடி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நானாவது கூப்பிட்டிருக்கலாம். எனக்கும் நாக்கு எழவில்லை. பெற்ற அப்பனும் தாய்மாமனும் அந்தக் குழந்தையின் பேரைச் சொல்லப் பயந்து மண்ணில் கிடந்தோம்.

"ஏனுங்க, அங்க படுத்துட்டு என்ன பண்றீங்க?"

பின்னால் தமிழ்ச்செல்வி நின்றாள். ஒரு இடுப்பில் குடம், மறு இடுப்பில் நிலா. தூக்கம் கலைந்த குழந்தை ஒற்றைச் செருப்போடு அம்மாவைத் தேடி ரோட்டுக்கு ஓடியிருக்கிறது. சாக்கை நாய் இழுத்ததா, ஆடு மேய்க்க வந்தவர்கள் எடுத்தார்களா, இன்றுவரை தெரியாது. மாப்பிள்ளை எழுந்து மகளிடம் போனார். ஆனால் தூக்கவில்லை. கீழே போட்டுவிடுவோம் என்று பயந்தார்.

டிராக்டர் அன்றைக்கே வந்தது. குழி நிரம்பும்வரை அவரே மண்ணைத் தள்ளினார். நிரம்பிய பிறகும் அதன்மேல் ஏறி நின்று மிதித்துக்கொண்டே இருந்தார்.

"இது மூடிருச்சுங்க மச்சான். நான் உட்டுட்டு வந்ததெல்லாம்?" என்றார்.

அதற்குப் பிறகு அவர் வண்டிக்குப் போகவில்லை. போனில் இருக்கும் பழைய தோட்டத்துக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தெரிந்த கன்னடத்திலும் தெலுங்கிலும் "குழிய மூடிட்டீங்களா" என்று கேட்கிறார். சிலர் மூடியாச்சு என்கிறார்கள். தொழில் பிடிக்க வந்திருக்கிறான் என்று சிலர் வைகிறார்கள். திட்டு வாங்கினாலும் அவருக்குச் சந்தோஷம், பதில் கிடைத்துவிட்டதே. ஒரே ஒரு நம்பர் மட்டும் எடுப்பதே இல்லை. எங்கள் தோட்டத்திலிருந்து நேராகப் போய்ப் போட்ட அந்தக் கர்நாடகப் பாயிண்ட். அங்கேயும் புகைதான். கம்ப்ரசர் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ஒரு சின்னப் பெண் பக்கத்திலேயே நின்றிருந்தாளாம். "நம்ம நிலா உசரந்தானுங்க" என்கிறார்.

இன்று காலை சேலத்தில் அவரைப் பெங்களூர் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஓனர் போன் பண்ணி, போய்வர யார் காசு கொடுப்பார்கள் என்று கேட்டாராம். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக, "நான் போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க அந்த நம்பருக்கு அடிச்சிட்டே இருங்க மச்சான்" என்றார்.

அடித்துக்கொண்டிருக்கிறேன். ரிங் போகிறது. யாராவது எடுத்துவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.