புளி போட்டுத் துலக்கிய செப்புக்காசு

என் மனுசன் மகாலிங்கம் லா சப்பல் சாப்பாட்டுக்கடை ஒன்றில் பகல் முழுக்கக் கோப்பை கழுவுகிறவர். ஆனால் பழைய காசைக் கழுவினால் மட்டும் கொலைக்குற்றம் என்று, காசு காட்ட வருகிறவர்களிடம் சொல்வாராம். அமெரிக்கச் செப்புக்காசு என்றால் மனுசனுக்கு விசர். சோறு ஆறிக் கிடக்கும். அவர் பூதக்கண்ணாடியோடு, காசில் இருக்கிற பெண்ணின் கூந்தல் இழையை எண்ணிக்கொண்டிருப்பார். வாங்கி விற்பதில்லை. பார்த்து விலை சொல்வார், அவ்வளவுதான். பழங்காசு வாங்கி விற்கிற கடைக்காரனும் அநேகமாக அதே விலைதான் சொல்வான். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன புதன்கிழமை பிலோமினா வந்தாள். மன்னார்ப் பிள்ளை. புறநகர் வில்லியே லே பெல்லில் இருந்து விடியமுதல் பஸ் பிடித்து வந்து கந்தோர், அலுவலகம் என்று கூட்டுகிறவள். இங்கே ஸ்டாலின்கிராட் மெற்றோவடியில் அவள் பராமரித்த வயதான பிரெஞ்சு மதாம் ஒருத்தி, சாகமுதல் எழுதிக் கொடுத்த காசாம்: 1804ஆம் ஆண்டு ஒரு சென்ற். இவர் விளிம்பைத் தடவினார், பின்பக்கத்து இலை வளையத்தைப் பார்த்தார், வெளிச்சத்தில் சரித்துச் சரித்து நிறம் பார்த்தார்.

"பிள்ளை, இந்தப் பழுப்பு நிறம்தான் இதின்ரை உயிர். இரண்டாயிரம் யூரோவுக்குக் குறையாது. வைச்சிட்டுப் போங்கோ, சனிக்கிழமை கடைக்கு நானே கூட்டிக்கொண்டு போறன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப பெர்மிக்குக் காசு கட்டலாம் அண்ணை. திங்கட்கிழமை கடைசி நாள்." கார் ஓட்டப் பழகி அந்த அனுமதிப்பத்திரத்தை எடுத்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை அவளுக்கு நிச்சயம். கூட்டுமாறைக் கீழே வைத்துவிடலாம்.

வெள்ளிக்கிழமை நான் விளக்குத் துலக்குகிற நாள். கையில் புளியும் உப்பும். பக்கத்தில் சின்னத் தட்டில் அந்தக் காசு கறுத்துப்போய்க் கிடந்தது. இப்படிக் கொண்டுபோனால் எவன் மதிப்பான், பாவம் அந்தப் பிள்ளை என்று விளக்கோடு சேர்த்து நன்றாகத் தேய்த்தேன். புதுச்செம்பு மாதிரி மினுங்கியது. எனக்குச் சந்தோசம் வேறு!

சனி காலை அவர் தட்டைப் பார்த்தார். காசை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் சரித்தார்.

"புனிதம், இது செத்துப்போச்சு."

"ஊருக்கெல்லாம் கழுவாதை எண்டு சொன்னனீங்கள். எனக்கு ஒருக்கால் சொன்னனீங்களோ?" என்று பாய்ந்தேன். அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது.

பிலோமினா பூசைக்குப் போகிறவள் போல உடுத்தி வந்திருந்தாள். "ஐயோ, என்ன வடிவாய் இருக்கு!" என்று காசைக் கையில் எடுத்தாள். பேசாமல் விட்டுவிடுவோமோ, பழி கடைக்காரன் தலையில் விழட்டும் என்று ஒரு கெட்ட நினைப்பு எனக்கு வந்தது.

"நான்தான் கழுவிப்போட்டன் பிள்ளை," என்றார் இவர். "இப்ப முந்நூறு தந்தாலே பெரிசு."

காசு விசயத்தில் இந்த மனுசன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குத் தாங்கவில்லை.

"பொய்! தேய்ச்சது நான்."

பிலோமினா கதிரை நுனியில் இருந்தாள். "திங்கட்கிழமை கடைசி நாள் அக்கா," என்றாள்.

என் கையில் கிடந்த இரண்டு தங்கக் காப்பையும் கழற்றி அவளிடம் நீட்டினேன். ஒன்று சவர்க்காரம் போட்டுத்தான் கழன்றது. "ஐயோ, வேண்டாம் அக்கா" என்பாள் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். எங்கள் சனம் அப்படித்தானே சொல்லும். அவள் சொல்லவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தாள். கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"நகைக்கடை எத்தினை மணிக்குப் பூட்டுவினம் அண்ணை?"